ஆறு வற்றிய வருடத்துக் காய்ச்சல்

எங்கள் மூத்த மகள் பிறந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்த சிங்களப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் உட்காரும் நாலைந்து வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, மேலே விகாரையிலிருந்து வந்த பாயை விரித்துச் செய்த கட்டிலில் அவள் பிறந்தாள். எதிரே கரும்பலகையில் யாரோ ஒரு பிள்ளை பாதியில் விட்டுப்போன கழித்தல் கணக்கு அழியாமல் இருந்தது.

நானும் அவளும் அன்று பிழைத்ததற்குப் பல பேர் காரணம். அவர்களில் பாதிப் பேர் அலுவலகங்களான கந்தோர்களில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். ஒருவர் கந்தோர் வேறு, மற்றவர் கந்தோர் வேறு. அந்தக் காய்ச்சல் காலத்தில் அவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த மேசை எங்கள் கடையில் இருந்ததால் எனக்கு இதெல்லாம் தெரியும்.

நான் அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பாலத்தடியில் எங்கள் வீட்டுக்காரருக்குப் பலசரக்குக் கடை இருந்தது. அரிசி, கருவாடு, தேங்காயெண்ணெய் என்று சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் போகும். கடைக்குப் பின்னால் வீடு. குசினி யன்னலைத் திறந்தால் மகாவலி தெரியும். வீட்டில் நாங்கள் இருவரும் அவருடைய உம்மாவான மாமியும்தான். மாமா நான் வருவதற்கு முன்பே காலமாகியிருந்தார். எனக்கு முதலில் தரித்த பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. இரண்டாவது தரித்தபோது மாமி என்னைத் தண்ணீர்க்குடம் தூக்கவும் விடவில்லை.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. பெய்ய வேண்டிய மழை அந்த வருடம் பெய்யவில்லை. ஆறு நாளுக்கு நாள் இறங்கியது. நான் அதுவரை பார்த்திராத பாறைகளெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தன. ஆரம்பத்தில் எங்களுக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆற்று மணலில் நடந்து அக்கரைக்கே போகலாம் போலிருந்தது. உடுப்புக் காயப்போட இடம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. அசையாத, பளிங்கு போன்ற தண்ணீர். அதில்தான் காய்ச்சலைக் கொண்டுவரும் நுளம்பு முட்டையிடுகிறது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

முதலில் விழுந்தவர்கள் ஆற்றோரக் கொட்டில்களில் குடியிருந்த ரோட்டு வேலைக்காரர்கள். பிறகு வயல் பக்கத்துக் கிராமங்கள். பல் கிட்டித்துப்போகிற குளிர், அப்புறம் நெருப்பாய்ச் சூடு, அப்புறம் குளித்தெழுந்தது போல் வியர்வை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே நேரத்துக்கு வரும். கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தபடியே நடுங்கத் தொடங்குவார்கள். எங்கள் வீட்டுக்காரர் சாக்குகளை எடுத்து அவர்கள்மேல் போர்த்துவார். சில வீடுகளில் தண்ணீர் மொண்டு கொடுக்கக்கூட எழும்பி நிற்கக்கூடிய ஒரு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டோம். கொஞ்ச நாளில் இன்னார் இறந்துபோனார் என்று மையத்துச் செய்திகளும் வரத் தொடங்கின.

ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு உள்ளே வந்த எங்கள் வீட்டுக்காரர் சோற்றைப் பிசையாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவர் சிரிப்பதே அபூர்வம்.

"என்ன சிரிப்பு?" என்று மாமி கேட்டார்.

"உம்மா, கடைக்கு முன்னால ரெண்டு இன்ஸ்பெக்டர்மார் நிக்கிறாங்க. ஒருத்தர் கண்டி நகரசபை, மத்தவர் கச்சேரி. குட்டைக்கு எண்ணெய் ஊத்தினா நுளம்பு சாகுமாம். நகரசபைக்காரர்ட எண்ணெய் ஈக்கி, ஆளில்ல. கச்சேரிக்காரர்ட ஆள் ஈக்கி, எண்ணெயில்ல."

"அப்ப ரெண்டு பேரும் சேந்து செய்யட்டுமே!"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர்ட, இந்தப் பக்கம் இவர்ட. அதத்தான் கதச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

அது யாருடைய குற்றமும் இல்லை. அந்தக் கரை நகரசபைக்கு, இந்தக் கரை மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்கு என்று ஏற்பாடு அப்படி இருந்தது. ஆனால் மாமி அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "வெயில்ல நிக்கவெச்சா எப்படி யோசின வரும்? உள்ளுக்குக் கூப்பிட்டு இருக்கச் சொல்லு," என்றார். என்னைத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். கடையின் மேசையில் இருந்த தராசைக் கீழே இறக்கி வைத்து, இரண்டு கதிரைகளை எதிரெதிராகப் போட்டார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். இருவரும் முதலில் இங்கிலீசில் பேசினார்கள், பிறகு சிங்களத்துக்கு மாறினார்கள். இங்கிலீசு எனக்கு விளங்காது. சிங்களத்தில் கேட்டது நன்றாக விளங்கியது. நகரசபைக்காரர் சொன்னார், நுளம்புக்குப் பாலம் தெரியாது, நாங்கள் மட்டும் ஏன் பாலத்தைப் பார்க்கிறோம் என்று. கச்சேரிக்காரர் சிரித்துவிட்டார். அன்று பின்னேரமே நகரசபை எண்ணெய்ப் பீப்பாய் பாலத்தைத் தாண்டி வந்தது. கச்சேரியின் ஆட்கள் இரு கரையிலும் இறங்கிக் குட்டைகளுக்கு எண்ணெய் தெளித்தார்கள்.

அதிலிருந்து அவர்கள் கூடிப் பேசும் இடம் எங்கள் கடை மேசையாகிவிட்டது. பெரியாஸ்பத்திரியிலிருந்து மருந்து கொடுக்க அனுப்பப்பட்ட அப்போதிக்கரி ஐயா வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மெலிந்தவர், எப்போதும் வெள்ளைக் கோட்டின் கையை மடித்துவிட்டிருப்பார். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் வந்தார். கிராமத் தலைவரான ஆராச்சி வந்தார். பள்ளிவாசல் தர்மகர்த்தாக்களுக்காக எங்கள் வீட்டுக்காரரே பேசினார். கண்டி ஆஸ்பத்திரியில் வராந்தாவிலும் இடமில்லை என்று அப்போதிக்கரி ஐயா சொன்னபோது, தலைமை ஆசிரியர் பள்ளிக்கூடத்தைத் தருவதாகச் சொன்னார். பிள்ளைகளில் பெரும்பாலோர் காய்ச்சலில் கிடந்ததால் வகுப்புகள் எப்படியும் வெறுமையாகத்தான் இருந்தன. படுக்கப் பாய் வேண்டுமே என்றதற்கு, விகாரையில் கேட்டு வாங்கி வருவதாக ஆராச்சி ஒப்புக்கொண்டார். கஞ்சி காய்ச்ச, கந்தூரிச் சோறாக்கும் பெரிய கிடாரங்கள் பள்ளிவாசலிலிருந்து போயின. கண்டிக்கு ஓடிய பஸ்களில் ஒன்றை அதன் சொந்தக்காரர் நோயாளிகளை ஏற்றி வர விட்டுக்கொடுத்தார். ஒருவர் வாயிலிருந்து இன்னது வேண்டும் என்று வருவதும், இன்னொருவர் அது என்னிடம் இருக்கிறது என்பதுமாக அந்த மேசையில் வேலை நடந்தது. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

பிறகு எனக்கே காய்ச்சல் வந்தது.

காலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் யாரோ ஐஸ் தண்ணீரை ஊற்றியது போலிருந்தது. சுளகு கையிலிருந்து விழுந்தது. வீட்டில் இருந்த போர்வை எல்லாவற்றையும் மாமி என்மேல் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. எனக்கு அப்போது எட்டாம் மாதம்.

அப்போதிக்கரி ஐயா உடனே வந்தார். அறைக்குள் வராமல் வாசலில் நின்றுகொண்டு, மாமியிடம் கேள்விகள் கேட்டார். பிறகு ஒரு குப்பியை நீட்டினார்.

"அம்மா, இது கொயினா, இந்தக் காய்ச்சலுக்கு மருந்து. உடனே குடுக்கத் தொடங்க வேணும்."

மாமி குப்பியைத் தொடவில்லை. "அல்லாஹ்வே! புள்ளத்தாச்சிக்கு கொயினாவா? வயித்துல ஈக்கிறது விழுந்திடும். ஒரு புள்ளய மண்ணுக்குக் குடுத்தாச்சி. இதயும் குடுக்கச் சொல்றீங்களா?"

"குடுக்காட்டி ரெண்டு உயிருக்கும் மோசம் வரலாம் அம்மா."

"இல்ல. நான் மாட்டன்."

அவருக்குக் கோபம் வந்திருக்கலாம். வெளியே எத்தனையோ பேர் மருந்துக்குக் காத்திருந்தார்கள். ஆனால் அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி அம்மா. உங்கட பயம் எனக்கு விளங்குது. நான் சொல்லுறதை விட ஒரு பொம்பிளை சொன்னா நல்லது. கூட்டிக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கூட்டிவர நினைத்த மருத்துவிச்சி நகரசபையைச் சேர்ந்தவர். கண்டிப் பக்கத்துக்கு வெளியே வந்து வேலை செய்வது அவருடைய கடமையில் இல்லை. நகரசபை இன்ஸ்பெக்டரிடம் அப்போதிக்கரி ஐயா போய்க் கேட்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் தமது மேலதிகாரியிடம் போயிருக்கிறார். அடுத்த நாள் காலையில் அந்த அம்மா பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். அதன்பிறகு காய்ச்சல் தணியும்வரை அவர் இரு கரைக்கும் பொதுவாக இருந்தார்.

அவர் சிங்கள மாது. கொண்டை போட்டு, வெள்ளைச் சேலை உடுத்தி, கறுத்த தோல்பை ஒன்றை வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் மாமி திடுக்கிட்டுவிட்டார். இளவயதில் ஹந்தானைத் தோட்டங்களில் பிள்ளைப்பேறு பார்த்துப் பழகியவர் என்பதால், அவர் பேசியது தோட்டத் தொழிலாளர்களின் லயத்துத் தமிழ்.

"என்னாங்க பெரியம்மா, மருமகளுக்கு மருந்து வேணாம்னு சொல்லிட்டீங்களாம்?"

மாமி என் தலைமாட்டில் இருந்தபடி, போன பிள்ளையின் கதை முழுவதையும் சொன்னார். மருத்துவிச்சி அம்மா கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்ததும் என் வயிற்றில் கைவைத்துப் பார்த்தார்.

"ஒங்ககிட்ட நானு பொய் சொல்ல மாட்டேன். கொயினா குடிச்சு சில பேருக்கு வலி வரும். ஆனா இந்தக் காச்சல்ல போற புள்ளைங்கதான் நெறைய. கண்ணால பாத்துக்கிட்டு வாரேன். கொஞ்சம் கொஞ்சமா குடுப்போம். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வந்துருங்க. வலி வந்தா நானு பக்கத்துல இருப்பேன், ஐயாவும் இருப்பாரு."

மாமி அவருடைய முகத்தையே பார்த்தார். "ஒங்கட மகளா இருந்தா குடுப்பீங்களா?"

"குடுத்தேன் பெரியம்மா. போன மாசம். எம்மக வயித்துலயும் புள்ள."

"அவ எப்படி ஈக்கிறா?"

"இருக்கா. புள்ளயும் இருக்கு."

மாமி எழுந்து போய்ப் பீங்கான் கோப்பையைக் கழுவிக் கொண்டுவந்தார். "பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடி மகள்," என்று தம் கையாலேயே என் வாயில் ஊற்றினார். அந்தக் கசப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

பஸ்ஸில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்திருந்தார்கள். பெண்கள் வகுப்பறையில் கட்டில்களுக்கு நடுவே பழஞ்சேலைகளைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். முஸ்லிம் வீட்டுப் பெண்கள் வருவார்கள் என்பதற்காகத் தலைமை ஆசிரியரின் மனைவி தம்முடைய சேலைகளையே கொடுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் என்னை முன்பின் பார்த்ததில்லை.

என் பக்கத்துப் பாயில் கிடந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பன்வில தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் ரோட்டு வேலைக்கு வந்ததால் ஆற்றோரக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, ஆனாலும் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். கஞ்சி வந்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவாள். மாமி எனக்குக் கொடுக்கும்போது அவளையும் எழுப்பி, "ரெண்டு வாய் குடி புள்ள," என்பார். மாமி சொன்னால் மட்டும் குடிப்பாள்.

காய்ச்சல் எனக்குக் குறைந்து வந்தது. ஆனால் மாதம் நிறையும் முன்பே ஒரு நாள் முற்பகலில் வலி எடுத்தது. அது கொயினாவாலா, காய்ச்சலாலா என்று யாரால் சொல்ல முடியும்? மாமியும் யாரையும் கேட்கவில்லை. மருத்துவிச்சி அம்மா கண்டிப் பக்கம் போயிருந்தார். செய்தி போனதும், பாலத்தில் நின்ற பொலிஸ்காரர் வாகனங்களை ஒதுக்கிவிட்டு அவர் வந்த வண்டியை நேரே விட்டார். சுடுதண்ணீர் தலைமை ஆசிரியர் வீட்டுக் குசினியிலிருந்து வந்தபடி இருந்தது. அப்போதிக்கரி ஐயா திரைக்கு அப்பால் நின்றுகொண்டு, மருத்துவிச்சி அம்மா கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். "பயப்படாதேங்கோ தங்கச்சி, நல்லாத்தான் போகுது," என்று அவர் இடைக்கிடை சொன்னது எனக்குக் கேட்டது. உண்மையில் அவ்வளவு நன்றாகப் போகவில்லை என்று பின்னாளில் மருத்துவிச்சி அம்மா சொன்னார்.

பிள்ளை பிறந்தது. அழவில்லை. மருத்துவிச்சி அம்மா அவளைத் தலைகீழாகத் தூக்கித் தட்டினார். வாயைத் துடைத்தார். மறுபடி தட்டினார். பூனைக்குட்டி கத்துவது போல் ஒரு சத்தம் வந்தது. மாமி துணியை விரித்து அவளை வாங்கிக்கொண்டார்.

ஒரு கஷ்டம் தீர்ந்ததும் அடுத்தது வந்தது. எனக்குப் பால் சுரக்கவில்லை. காய்ச்சல் என்னை வற்றவைத்திருந்தது. டின் பாலைக் கரைத்துக் கரண்டியால் கொடுத்தால் பிள்ளை கக்கியது. சாயங்காலத்துக்குள் அழுகிற சத்தமும் மெலிந்துபோயிற்று. மருத்துவிச்சி அம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பக்கத்துப் பாயை அவர் ஒருமுறை பார்த்ததை நான் கண்டேன். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைக் கேட்க யாருக்கு வாய் வரும்?

அவளே எழுந்து உட்கார்ந்தாள். சுவருக்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"எனக்கு மாரு கட்டி வலிக்குதுங்க. புள்ளயக் குடுங்க."

மருத்துவிச்சி அம்மா திரைக்கு வெளியே குரல் கொடுத்தார். அப்போதிக்கரி ஐயா அவளுடைய காய்ச்சல் விட்டு எவ்வளவு காலம் என்று கேட்டார். நாக்கையும் கண்ணையும் பார்த்தார். "ஓம், குடுக்கலாம். ஒரு பயமும் இல்லை," என்றார்.

மாமி பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். எனக்குப் பயம் பிடித்தது. சாதி, மதம் என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். மாமி சொன்னது வேறு.

"மகள், எங்கட மார்க்கத்துல பால் குடுத்தா நீயும் இதுக்கு உம்மா. சும்மா பேச்சுக்கு இல்ல. நாளைக்கு உனக்குப் பொறக்கிற புள்ளைங்க இதுக்குக் கூடப்பொறந்த மாதிரி. தெரிஞ்சுதான் குடுக்கோணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கென்னங்க, நல்லதுதானே," என்று கையை நீட்டினாள்.

பிள்ளை குடிக்கிற சத்தம் அந்த வகுப்பறை முழுக்கக் கேட்டது போல் எனக்கு இருந்தது. அவள் அழுதாள். நானும் அழுதேன். மாமி எங்கள் இரண்டு பேருடைய தலையிலும் கைவைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பால் வரும்வரை அவள்தான் கொடுத்தாள். எனக்கு வந்த பிறகும் கொடுத்தாள்.

மழை பிந்தி வந்தது, ஆனால் வந்தது. ஆறு பெருகிப் பாறைகள் மறைந்தன. காய்ச்சலும் மெல்ல மெல்லக் குறைந்தது. நாங்கள் நினைத்தது போல் அத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. காய்ச்சலில் கிடந்த கிராமங்களில் யாரும் விதைக்கவில்லை. அதனால் பசி வந்தது. கச்சேரி விதைநெல் கொடுத்தது. பலமில்லாதவர்களுக்கென்று பாரமில்லாத ரோட்டு வேலைகளை ஏற்படுத்தியது. நகரசபை பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஓர் இடம் திறந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போனாலும் கோப்பையை நிரப்பித்தான் அனுப்பினார்கள். கஞ்சிக் கிடாரங்கள் பள்ளிவாசலுக்குத் திரும்பவே பல மாதம் ஆயிற்று. பிள்ளையைப் பால்தாயிடம் விட்டுவிட்டு நானும் மாமியும் கஞ்சிக்குத் தேங்காய் துருவப் போவோம். அதற்கு முன் நான் வீட்டு வாசலைத் தாண்டிப் போய் ஒரு வேலை செய்தவள் அல்ல. யாரும் என்னைத் தடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறந்த வாரம், வாங்குகளைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவ எல்லா வீட்டுப் பெண்களும் போனோம். தலைமை ஆசிரியரின் மனைவி அன்றுதான் என் பிள்ளையைத் தூக்கினார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

பிள்ளை உட்காரத் தொடங்கிய சமயம், பால்தாயும் புருஷனும் பன்விலவுக்குத் திரும்பினார்கள். மருத்துவிச்சி அம்மா அங்கிருந்த தோட்டத்து மருந்துக்காரரிடம் சொல்லி அவர்களுக்கு வேலையும் லயத்தில் ஓர் அறையும் கிடைக்கச் செய்திருந்தார். பெருநாளுக்கு நாங்கள் போவோம். தீபாவளிக்கு அவர்கள் வருவார்கள். அவளுக்குப் பிறகு மூன்று பிள்ளைகள். என் மகளுக்கு அவர்கள் கூடப்பிறந்தவர்கள்தான், அவள் ஒருநாளும் வேறு மாதிரி நினைத்ததில்லை. இப்போது நாங்கள் இருவரும் கிழவிகள். பஸ்ஸில் ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே போய் வருகிறோம்.

அப்போதிக்கரி ஐயாவுக்கு வடக்கே மாற்றல் வந்தபோது, ஊரே கண்டி ஸ்டேஷனுக்குப் போனது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு மூட்டை சாமான் கட்டிக்கொண்டு போனார். ஐயா அதை வாங்க மறுத்து, கொஞ்சம் ஏலக்காயை மட்டும் எடுத்துக்கொண்டாராம். நகரசபைக்காரரும் கச்சேரிக்காரரும் ஒரே காரில் வந்து இறங்கியதைப் பார்த்து ஆராச்சி சிரித்தார் என்றும் எங்கள் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

மாமி அதன்பிறகு பல வருடம் இருந்தார். வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டுக் கையேந்தும்போது, அந்தக் காய்ச்சல் காலத்தில் உதவியவர்களுக்காகத் தனியாகக் கேட்பார். அவர்களில் பலருடைய பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்த பெயர்களும் வாயில் நுழையாது. அதனால் இப்படித்தான் கேட்பார்: "யா அல்லாஹ், எண்ணெய் ஊத்தின ரெண்டு பேருக்கும், சீலை தந்த பொம்புளைக்கும், வாசல்ல நிண்டு பேசின யாழ்ப்பாணத்து ஐயாவுக்கும், கொயினாவக் குடுக்க எனக்குத் தைரியம் தந்த மருத்துவிச்சிக்கும், பேத்திக்குப் பால் தந்தவளுக்கும் நல்ல சுகத்தக் குடு." எங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை, "உம்மா, பெயரில்லாமக் கேட்டா அல்லாஹ்வுக்கு விளங்குமா?" என்று பகிடியாகக் கேட்டார்.

"ஏன் விளங்காது? அனுப்பினது அவன்தானே," என்றார் மாமி.